துப்பாக்கி வாங்கவும் அதே ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும்

வழக்கறிஞரான எனக்குக் கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 46. வேலை காரணமாக மனைவி, பிள்ளைகளோடு நகரத்தில் இருக்கிறார். அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 70. இருவரும் எட்டு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே உள்ள வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி. கூடவே அவருடைய தம்பி, 39 வயது. கடந்த ஒரு வருடத்தில் மோட்டார் ரூமில் இரண்டு முறை கேபிளை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்கு ஆடுகள் போயின. காவலுக்கு இருந்த நாயை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள். நாய் செத்துப் பதினைந்து நாளில், ராத்திரி ஒரு மணிக்கு யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து குரல் கொடுத்ததும் சத்தம் நின்றுவிட்டது. போலீசில் புகார் கொடுத்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. நான்கு மாதமாகியும் எஃப்.ஐ.ஆர். இல்லை. "ஆட்டுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட்டால் ஸ்டேஷன் தாங்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"இனி போலீசை நம்பிப் பயனில்லை. என் பெயரில் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்துத் தோட்டத்து வீட்டில் வைக்கலாமா? ராத்திரியில் எங்கள் நிலத்துக்குள் வருபவனைச் சுட்டால் கேஸ் வருமா? லைசென்ஸ் இழுத்தடிக்கும், நாட்டுத் துப்பாக்கி ஒன்று ஏற்பாடு செய்கிறேன் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அதுவரை வேலிக் கம்பியில் கரண்ட் விடலாமா என்றும் யோசிக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் பெரியப்பா மகன், துப்பாக்கி வைத்துக்கொள்வது மனிதனின் அடிப்படை உரிமை என்கிறான்" என்று கேட்டிருக்கிறார். தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: "விவாகரத்துக்குப் பிறகு மனசு சரியில்லாமல் மாத்திரை சாப்பிடுகிறான், கொஞ்சம் குடியும் உண்டு."

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயத்தை மிகை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். 2025-ல் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள். அதற்கப்புறம் தோட்டத்தில் தனியாக இருக்கும் எந்தப் பெற்றோரின் பிள்ளையும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. நாயை முதலில் கொன்றுவிட்டு அப்புறம் கதவைத் தட்டியவனைச் சாதாரண ஆட்டுத் திருடன் என்று நானும் நினைக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. போலீஸ் மேல் நம்பிக்கை போய்விட்டது, அதனால் துப்பாக்கி என்கிறீர்கள். நம் நாட்டில் அந்தத் துப்பாக்கிக்கான மனு திரும்பவும் அதே ஸ்டேஷனுக்குத்தான் விசாரணைக்கு வரும். உங்கள் குணம், பழக்கவழக்கம், பகை, ஆபத்து எல்லாவற்றையும் பற்றி அறிக்கை எழுதப்போவது அதே இன்ஸ்பெக்டர். கிடைத்த பிறகும் விடுதலை இல்லை. புதுப்பிக்கும்போது மறுபடி விசாரணை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வாங்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருந்த ஒரு விவசாயி என்னிடம் சொன்னார்: "கல்யாணமான பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போறதைவிட அதிகமா இந்தத் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிருக்குதுங்க." கடைசியில் அவர் அதை வேண்டாமென்று ஒப்படைத்துவிட்டார். போலீசிடமிருந்து விலகி நிற்க நினைப்பவருக்குத் துப்பாக்கியைப் போல நேர்மாறான வழி வேறில்லை.

லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது என்று சொல்ல முடியாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016-ஆம் வருட ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. உங்களைப் போன்ற கிராமப் பகுதிக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும், கமிஷனரேட் உள்ள நகரம் என்றால் போலீஸ் கமிஷனரிடம். தொழிலாலோ வேறு காரணத்தாலோ உயிருக்கும் சொத்துக்கும் உண்மையான பாதுகாப்புத் தேவை இருக்கிறது என்று காட்ட வேண்டும். உடல்நலம், மனநலம் பற்றி மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டுக்கு உறுதிமொழி, இவ்வளவும் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும். சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை நீங்கள் கேட்டு வாங்கலாம், 18-வது பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு.

இப்போது நீங்கள் தவறாகப் புரிந்துகொண்ட இடம். லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. உங்கள் பெயரில் எடுத்த துப்பாக்கியைத் தோட்டத்தில் வைத்துவிட்டு நீங்கள் திங்கட்கிழமை காலையில் நகரத்துக்குக் கிளம்பினால், அந்த நிமிடத்திலிருந்து அது லைசென்ஸ் இல்லாதவர் கையில் இருக்கும் ஆயுதம். அப்பா அதைத் தொட்டாலே அவர் மேல் வழக்கு வரலாம், கொடுத்துவிட்டு வந்ததற்காக உங்கள் மேலும் வரலாம். அப்படியென்றால் அப்பா பெயரில்தான் எடுக்க வேண்டும். சட்டத்தில் வயது உச்சவரம்பு இல்லை. ஆனால் 76 வயதில் மருத்துவச் சான்று வாங்கி, பயிற்சி எடுத்து, ராத்திரி ஒரு மணிக்கு இருட்டில் எழுந்து, பூட்டைத் திறந்து, தோட்டாவைப் போட்டு, எதிரே நிற்பது யார் என்று பார்த்துச் சுட வேண்டும். தட்டியவன் உங்கள் தம்பியாகவும் இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டைத் தேடி வந்ததாகவும் இருக்கலாம்.

தோட்டத்து வீட்டுக் குற்றங்களைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்லலாம். வருகிறவன் முன்கூட்டியே நோட்டம் பார்த்துவிட்டு, நேரத்தையும் அவனே தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறான். வீட்டுக்காரர் தூக்கத்திலிருந்து எழுகிறார். கையில் துப்பாக்கி இருந்தாலும் இந்த வித்தியாசம் முழுதாக மாறிவிடாது. துப்பாக்கி இருப்பது ஊருக்குத் தெரிந்தால், அதுவே திருடத் தகுந்த பொருளாகவும் ஆகிவிடும்.

"என் நிலத்துக்குள் வந்தால் சுடலாமா?"

சினிமா பார்த்து வந்த நம்பிக்கை இது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது.

தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் வலுவாகவே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை என்று ஆகியிருக்கின்றன. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம் இருந்தால், தாக்குகிறவனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குக்கூட உரிமை நீளும். சொத்தைப் பாதுகாக்கும்போது அந்த அளவுக்குப் போக 41-வது பிரிவு சில சந்தர்ப்பங்களை மட்டும்தான் அனுமதிக்கிறது: வழிப்பறி போன்ற கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது அல்லது வெடி வைப்பது, திருட்டோ அத்துமீறலோ உயிருக்கோ உடலுக்கோ கடும் ஆபத்தாகத் தெரியும் நிலைமை.

இதை உங்கள் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ராத்திரி கதவை உடைத்துக்கொண்டு கடப்பாரையோடு உள்ளே வருகிறான் என்றால் சட்டம் உங்கள் அப்பா பக்கம். மோட்டார் ரூமில் கேபிளை அறுத்துக்கொண்டிருக்கிறான், உங்களைப் பார்த்ததும் ஓடுகிறான் என்றால், ஓடுகிறவன் முதுகில் சுட்டது கொலை வழக்காகத்தான் வரும். விரட்டலாம், பிடிக்கலாம், பொருளைத் திரும்ப வாங்கத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். கேபிளுக்காக உயிரை எடுக்க முடியாது. வெறுமனே வேலி தாண்டி வந்தான் என்பதற்கு அதுவும் முடியாது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீஸ் உதவியைக் கேட்க அவகாசம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்று 37-வது பிரிவு சொல்கிறது. (போலீஸ் வரவே வராது என்ற உங்கள் வாதத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம். ஆனால் அன்றைக்கு நீங்கள் போன் செய்தீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள்.)

சரி, எல்லாம் சட்டப்படிதான் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எஃப்.ஐ.ஆர். உண்டு, துப்பாக்கி பறிமுதல் உண்டு, தற்காப்புதான் என்பதைக் காட்டும் பொறுப்பு சுட்டவர் மேல் வந்து விழும். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு என்ற அளவுக்குக் காட்டினால் போதும். இருந்தாலும் அதற்கும் வருடங்கள் போகும். பஞ்சாபைச் சேர்ந்த தர்ஷன் சிங் வழக்கைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பார்கள். மோதல் நடந்தது 1991-ல். துப்பாக்கியால் சுட்டவர் தற்காப்பு என்றார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் 2010-ல் மறுபடி விடுவித்தது. உயிருக்கு ஆபத்து வரும்போது ஒருவர் தன் எதிர்த்தாக்குதலைத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது, கோழையைப் போல ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் அழகாக இருக்கிறது. வழக்கறிஞராக எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு. ஆனால் சுட்டவரின் வாழ்க்கையில் அது ஏறத்தாழ பத்தொன்பது வருடம்.

டெக்சாஸ் அண்ணன் சொல்வது

அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைச் சொல்லும் இரண்டாவது திருத்தம் 1791-லிருந்து அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைப்பது தனிமனித உரிமை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியும் விட்டது. நம் அரசியல் சாசனத்தில் அப்படி ஒரு வரி இல்லை. ஆயுத லைசென்ஸ் என்பது அரசு தரும் அனுமதிதான், அடிப்படை உரிமை அல்ல என்பதே நம் நீதிமன்றங்களின் நிலை. அங்கேயும் போலீஸ் மேல் உள்ள அவநம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். நீதிமன்றத் தடை உத்தரவு இருந்தும் போலீஸ் நடவடிக்கை எடுக்காததால் மூன்று மகள்களை இழந்த ஒரு தாயின் வழக்கில், அந்த உத்தரவை அமல்படுத்தும்படி கேட்க அவருக்கு அரசியல் சாசன உரிமை கிடையாது என்று 2005-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தவர் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினால் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் அண்ணன் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள்.

தம்பியைப் பற்றி

ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கோ கடிதம் முழுவதையும்விட அந்த வரிதான் மனதில் நிற்கிறது. விவாகரத்து, மாத்திரை, குடி, தனித்த வீடு. அந்த வீட்டுக்குள்ளா ஒரு துப்பாக்கியைக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள்? சாவி அப்பா இடுப்பில்தான் இருக்கும் என்பீர்கள். ஒரே வீட்டில் இருக்கும் மகனுக்கு அப்பாவின் சாவி எங்கே இருக்கும் என்று தெரியாதா? சாக வேண்டும் என்ற எண்ணம் பல பேருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோ அலையாக வந்து கடந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பல சமயம் பிழைப்பதையும் போவதையும் தீர்மானிக்கிறது. பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். துப்பாக்கி என்றால் இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடையாது.

திருடன் வரலாம், வராமலும் போகலாம். தம்பி தினமும் அங்கேதான் இருக்கிறார். அவரிடம் நேரில் பேசுங்கள், மருத்துவரிடம் கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம். உங்களுக்கே யோசனை தேவைப்பட்டாலும் கூப்பிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, நீங்கள் என் கட்சிக்காரராக இருந்தால், லைசென்ஸ் மனுவை இப்போதைக்குத் தள்ளிப்போடச் சொல்வேன்.

நாட்டுத் துப்பாக்கியும் கரண்ட் வேலியும்

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்தின்படி குறைந்தது இரண்டு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. உண்மையான தற்காப்பில் சுட்டாலும் அந்தக் குற்றம் தனியாக நிற்கும், தற்காப்பு வாதத்தையும் பலவீனமாக்கும். ஏற்பாடு செய்கிறேன் என்ற தெரிந்தவர் நாளைக்கு வேறொரு வழக்கில் மாட்டினால், அவர் முதலில் சொல்லும் பெயர் உங்களுடையதாக இருக்கும். அப்புறம், பட்டறையில் செய்த குழாய் சுடுகிறவர் முகத்திலேயே வெடிப்பதும் உண்டு.

வேலியில் நேரடியாக மின்சாரம் விட்டால் அது திருடனா, யானையா, பால்காரரா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று பார்க்காது. யாராவது செத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு வரும். எதிரில் யார் என்றே பார்க்காத பொறிக்குத் தற்காப்பு வாதம் எடுபடாது. பேட்டரியில் ஓடும், விட்டுவிட்டு லேசான அதிர்ச்சி தரும் வேலி வேறு விஷயம், அதற்கும் தமிழ்நாட்டில் 2023 முதல் பதிவு விதிகள் இருக்கின்றன.

அந்த சி.எஸ்.ஆர்.

என் பார்வையில் உங்கள் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சி.எஸ்.ஆர். என்பது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். அதன் மேல் புலன்விசாரணை நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டேஷன் தாங்காது என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத காரணம்.

ஒரு நுணுக்கம் கவனியுங்கள். புதிய சட்டத்தில், 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். உங்கள் புகாரில் "ஆடுகள் திருட்டு, கேபிள் திருட்டு" என்று மட்டும் இருக்கிறது, மதிப்பே இல்லை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பை எழுதுங்கள், கேபிள் வாங்கிய பில் இருந்தால் நகல் சேருங்கள். மோட்டார் ரூம் பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடம் என்பதால் அங்கே நடந்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவுக்குள் வரும் என்று வாதிடலாம், அதற்கு ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அது சாதாரணத் திருட்டு ஆகாது.

புதிய மனுவை ஸ்டேஷனில் கொடுங்கள். பதிவு செய்யவில்லை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ஐக் குறிப்பிட்டு எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எஸ்.பி. அலுவலகத்தில் மனு வாங்கும் நாளில் நேரிலும் போகலாம். அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் 175(3)-ன் கீழ் மனு போடலாம். இதை உங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கறிஞர் யாரும் செய்து கொடுப்பார். நாளைக்கு லைசென்ஸ் கேட்டாலும், உண்மையான ஆபத்து இருந்தது என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இந்தக் காகிதங்கள்தான். ஸ்டேஷன் ரெக்கார்டில் ஒன்றுமே இல்லாத ஊரில், ஆபத்து என்று கலெக்டர் எதை வைத்து நம்புவார்?

கூடவே செய்ய வேண்டியவை அதிகச் செலவில்லாதவை. அம்மாவின் நகைகளை இந்த வாரமே வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள், அது நடந்தது அக்கம்பக்கத்துக்குத் தெரியட்டும். வாசலிலும் மோட்டார் ரூமிலும் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு, வீட்டுக்குள்ளிருந்தே அழுத்தும் சைரன், உங்கள் செல்போனுக்குப் படம் அனுப்பும் கேமரா, உள்ளே இரும்புக் கதவு. ராத்திரி யார் கூப்பிட்டாலும், ஆடு கத்தினாலும், அப்பா வெளியே வரக் கூடாது, 112-ஐக் கூப்பிட வேண்டும் என்பதைப் பழக்கிவிடுங்கள். அவர் போனில் காவல் உதவி செயலியையும் போட்டுக்கொடுங்கள். ரோந்துப் போலீஸ் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் ஒன்றை உங்கள் தோட்டத்து வீட்டிலோ அருகிலோ வைக்கும்படி எஸ்.பி. மனுவிலேயே கேளுங்கள். தனித்தனித் தோட்டத்துக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

உங்கள் பழைய புகாரின் நகலை இரண்டு முறை படித்தேன். நாய்க்கு விஷம் வைத்தது அதில் எங்கேயும் இல்லை, சின்ன விஷயம் என்று விட்டிருப்பீர்கள். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். அதைவிட முக்கியமாக, இந்த மொத்தக் கதையும் வெறும் ஆட்டுத் திருட்டு அல்ல என்று எஸ்.பி.க்குக் காட்டப்போவது அதுதான். நாய் செத்த தேதி, கதவு தட்டிய தேதி, இரண்டையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.